சீமாட்டியின் ரேஷன் கார்டு

டியூக் என்றால் யார் என்று அம்மாவுக்கு நான் விளக்கியது டெல்லி கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில், ஒரு ஜனவரி ஞாயிற்றுக்கிழமை. வெயிலுக்காக முற்றத்தில் பாயை விரித்துப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். எனக்கு இருபத்து நான்கு வயது. வரலாற்றில் எம்.ஏ. முடித்து, எம்.ஃபில்லுக்கு ஐரோப்பாவில் டியூக்குகளும் டச்சஸ்களும் ஆண்ட சீமைகளை எடுத்திருந்தேன். எடுத்திருந்தேன் என்று சொல்வதுகூடத் தப்பு, சண்டை போட்டு வாங்கியிருந்தேன். டெல்லியில் உட்கார்ந்துகொண்டு, அரைகுறைப் பிரெஞ்சை வைத்துக்கொண்டு பர்கண்டி என்ற பிரெஞ்சுச் சீமையைப் பற்றி எழுதப் போகிறாயா என்று கேட்காத ஆள் டிபார்ட்மெண்டில் இல்லை.

"ஜமீந்தார் மாதிரியா?" என்றாள் அம்மா.

"அதவிடப் பெரிசு. ராஜாவுக்கு ரெண்டு மூணு பையன் இருப்பான்லா. மூத்தவன் ராஜா ஆவான். மத்தவனுக்கு ஒரு சீமையக் குடுத்து, போய் ஆளுன்னு அனுப்பிருவாங்க. அவன்தான் டியூக். பொண்டாட்டி டச்சஸ். அவனுக்கு அப்புறம் அவன் மகனுக்கு."

"மகன் இல்லன்னா?"

"ராஜா திரும்ப எடுத்துக்கிடுவான்."

பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "இது நம்ம குவார்ட்டர்ஸ் ரூல்லா."

நான் மூன்று மாதமாக நூலகத்தில் தலையை உடைத்துக்கொண்டு புரிந்துகொண்ட விஷயத்தை அப்பா பேப்பரைக் கீழே வைக்காமலே புரிந்துகொண்டார். அவர் ஒரு அமைச்சகத்தில் எஸ்டாப்ளிஷ்மெண்ட் செக்‌ஷனில் இருந்தார். யாருக்கு எத்தனை நாள் லீவு, யாருக்கு எப்போது ரிட்டையர்மெண்ட், யார் எந்தத் தேதிக்குள் வீட்டைக் காலி செய்யவேண்டும் என்று கோப்பில் குறிப்பு எழுதுவதுதான் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இருபது வயதில் வந்து, அதே வேலையைச் செய்து தலை நரைத்தவர். கோபமே வராது. அந்த வீட்டுக்கு வேண்டிய கோபத்தையெல்லாம் நானே பட்டுக்கொண்டிருந்தேன்.

டெல்லியில் சர்க்கார் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்களுக்கு அந்த விதியைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வீடு நம்முடையது அல்ல. வேலையில் இருக்கும்வரை இருக்கலாம், ரிட்டையர் ஆனால் சில மாதங்களில் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். தப்பிக்க ஒரு வழி உண்டு. மகனோ கல்யாணமாகாத மகளோ அதற்குள் மத்திய சர்க்கார் வேலையில் சேர்ந்து, அப்பாவோடு அதே வீட்டில் தொடர்ந்து மூன்று வருஷம் வசித்திருந்தால், வீடு பிள்ளை பேருக்கு மாறும். எதிர் வீட்டுப் பஞ்சாபிக் குடும்பம் அப்படித்தான் இரண்டு தலைமுறையாக இருந்தது. அந்த வீட்டு அம்மாள், நாங்கள் பாபிஜி என்று கூப்பிடுகிறவள், கல்யாணமாகி வந்தபோது வைத்த மாதுளை கூரை உயரத்துக்கு வளர்ந்திருந்தது.

எங்கள் வீட்டில் நான் ஒரே பிள்ளை. "நம்ம சர்க்கார் அந்த ராஜாவ விட மேல்," என்றார் அப்பா. "மகளுக்கும் உண்டுன்னு போட்ருக்கான்." அன்றிலிருந்து வீட்டுக்கு ‘நம்ம சீமை’ என்று பேர். குழாய் ஒழுகினால் சீமையில் வெள்ளம். சுண்ணாம்பு அடிக்க ஆள் வந்தால் சீமைக்குத் திருவிழா. இரண்டு அறை, ஒரு முற்றம், வளைவு வைத்த ஒரு வராந்தா, அவ்வளவுதான் சீமை. அங்கிருந்து நடந்தே மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்து பன்னிரண்டாவது முடித்தேன். வேறு ஊர், வேறு வீடு என்று எனக்கு எதுவும் கிடையாது. அம்மாவுக்கும் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதுதான் வீடு. அது கைவிட்டுப் போகக்கூடாது என்பது எங்கள் மூன்று பேருக்கும் சொல்லாமலே தெரிந்திருந்தது.

பர்கண்டியின் கதை இதுதான். ஒரு பிரெஞ்சு ராஜா தன் கடைசி மகனுக்குக் கொடுத்த சீமை அது. நான்கு தலைமுறை, அப்பனுக்குப் பின் மகன். கல்யாணம் செய்தும் விலை கொடுத்தும் வடக்கே துணி நெய்யும் பணக்கார ஊர்களையெல்லாம் சேர்த்துக்கொண்டார்கள். கடைசியில் ராஜாவைவிட டியூக் பெரிய ஆள் ஆகிவிட்டார். நாலாவது டியூக்குக்கு நாடு போதவில்லை. கொட்டுகிற பனியில் ஒரு கோட்டை வாசலில் சண்டைக்குப் போய்ச் செத்தார். இரண்டு நாள் கழித்து, உறைந்த ஓடையில் கிடந்த உடலை, பழைய தழும்பையும் நீண்ட நகத்தையும் பார்த்து வைத்தியர் அடையாளம் சொன்னார். அவருக்கு ஒரே மகள். இருபது வயது நிரம்பவில்லை.

ஆண் வாரிசு இல்லை, ஆகவே சீமை என்னுடையது என்று ராஜா உடனே படையை அனுப்பினார். அப்பன் செத்த துக்கம் தீருவதற்குள் அந்தப் பெண் பிறந்த குடும்பத்தின் சீமை போய்விட்டது. வடக்கே இருந்த ஊர்கள் மட்டும் மிஞ்சின. அங்கேயும் ஜனங்கள் அவள் கண் முன்னால் அவளுடைய மந்திரிகளைக் கொன்றார்கள். அவள் செய்தது ஒன்றுதான். அப்பா பேசி வைத்திருந்த மாப்பிள்ளைக்கு ஆள் அனுப்பி, சீக்கிரம் வா என்று சொன்னாள். அவன் வந்தான். இந்த இடத்தை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் புத்தகத்தைக் கொஞ்சம் மூடி வைப்பேன். வெட்கம் பார்க்காமல் கூப்பிட்டாளே என்று அவள்மேல் ஒரு பொறாமைகூட.

மற்ற டச்சஸ்களையும் படித்தேன். பிரிட்டனி சீமையின் டச்சஸ் ஒருத்தி. அவளை மணக்கும்போதே ராஜா எழுதி வாங்கிக்கொண்டார்: தான் பிள்ளை இல்லாமல் செத்தால், அடுத்து யார் ராஜாவாக வருகிறானோ அவனைத்தான் அவள் கட்டவேண்டும். ராஜா செத்தார், அவளும் அடுத்தவரைக் கட்டிக்கொண்டாள். சீமை அரண்மனையை விட்டு வெளியே போகவில்லை. எங்கு பார்த்தாலும் இதே கதைதான். மண்ணையும் பெண்ணையும் தனியாகப் பிரித்துப் பார்க்க அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியவில்லை. நமக்கு மட்டும் தெரிகிறதா என்ன.

கோல் மார்க்கெட்டிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு பஸ்ஸில் போய் வருவதற்குள் பாதி நாள் போய்விடும். ஹாஸ்டலில் இடம் கிடைக்கவில்லை. அதனால் பல்கலைக்கழகத்தை ஒட்டிய முனிர்காவில் ஒரு மூன்றாவது மாடியில் அறை எடுத்தேன். மாடியில் இரண்டு அறை, நடுவில் ஒரு பொது அடுக்களை. பக்கத்து அறையில் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கும் ஒருவர். மதுரைக்காரர். பக்கத்து அறை என்று அம்மாவிடம் சொன்னேன், ஆண்பிள்ளை என்று சொல்லவில்லை.

அடுக்களையில் மண்ணெண்ணெய் ஸ்டவ். புகையில் கண் எரியும். கேஸ் கனெக்‌ஷன் வாங்கலாம் என்றால் அந்த முகவரியில் ரேஷன் கார்டு வேண்டும் என்றார்கள். அவருக்கு டெல்லியில் கார்டே கிடையாது. எனக்கு வீட்டுக் கார்டில் பேர் இருந்தது. அங்கே பேரை அடித்து, அடித்ததற்கு ஒரு சீட்டு வாங்கிவந்தால், முனிர்காவில் புதுக் கார்டு தருவார்கள். அப்பா ஆபீஸ் வேலையாக வெளியூர் போயிருந்த வாரம், அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய ரேஷன் பையிலிருந்து கார்டை எடுத்துக்கொண்டு ரேஷன் ஆபீஸுக்குப் போய் என் பேரைச் சிவப்பு மையில் அடித்து வாங்கிக்கொண்டு வந்தேன். மறுபடி பையில் வைத்தேன். அப்பாவிடம் சொல்லத் தோன்றவில்லை. ரேஷனுக்கு யார் போகிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. டப்பாவைத் திறந்தால் சர்க்கரை இருக்கும். அவ்வளவுதான் என் உலக ஞானம்.

இரண்டு வருஷம் அந்த அடுப்பில் சமைத்தோம். சமைத்தது பெரும்பாலும் அவர்தான். நான் காய் நறுக்கிக்கொண்டே டியூக்குகளின் கதையைச் சொல்வேன். அவர் என்னைச் சீமாட்டி என்பார். "சீமாட்டி, கத்திரிக்காயத் தண்ணியில போடுங்க, கறுத்துப்போகும்." "சீமாட்டி, உங்க ஆளுக மூணு தலைமுறையா ஒரே தப்பத்தான் பண்றாய்ங்க." வாங்க போங்க என்றுதான் கடைசிவரை பேசிக்கொண்டோம். அந்த மரியாதைக்குள் எவ்வளவு பிரியம் இருந்தது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். சொல்லிக்கொண்டதில்லை. இன்றைக்கும் கொத்தமல்லி வாசம் வந்தால் அந்த அடுக்களைதான் ஞாபகம் வருகிறது.

ஒருநாள் மத்தியானம் அப்பா சொல்லாமல் கொள்ளாமல் எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலோடு மாடியேறி வந்துவிட்டார். நான் நூலகத்தில் இருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் இரண்டு பேரும் அடுக்களையில் முக்காலி போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா மூன்றாவது டம்ளர் ரசம் குடித்துக்கொண்டிருந்தார். புத்தகப் பையைத் தோளிலிருந்து இறக்காமல் வாசலிலேயே நின்றேன். அப்பா என்னைப் பார்த்து, "நல்ல ரசம்ளா," என்றார். பஸ் ஸ்டாப் வரை கூடப் போனேன், அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. வீட்டில் போய் அம்மாவிடமும் பிள்ளைக்கு நல்ல ரசம் கிடைக்கிறது என்று மட்டும்தான் சொன்னாராம்.

எம்.ஃபில் முடிந்தது. என் ஆசையெல்லாம் அந்தச் சீமையின் தலைநகருக்குப் போய், ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து, அந்தப் பெண் அனுப்பிய ஓலைகளைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான். விண்ணப்பப் படிவம்கூட வாங்கி வைத்திருந்தேன். ஆனால் அப்பாவுக்கு ரிட்டையர்மெண்டுக்கு நாலு வருஷம்கூட இல்லை. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அம்மா ஒருநாள் முற்றத்தைக் கழுவிவிட்டு, ஈரத்தரையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். அது போதும். சர்க்கார் பரீட்சை எழுதினேன், கிளார்க்காகச் சேர்ந்தேன், பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோல் மார்க்கெட்டுக்கே திரும்பிவிட்டேன்.

கேஸ் சிலிண்டரை மதுரைக்காரருக்கே விட்டுவிட்டு வந்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் நூலகம் போகிறேன் என்று சொல்லி முனிர்காவுக்குப் போவேன். கார்டை வீட்டுக்கு மாற்றினால் அந்தக் கனெக்‌ஷன் ரத்தாகும், அவர் மறுபடி மண்ணெண்ணெயில் கண்ணைக் கசக்கவேண்டும். அதனால் மாற்றவில்லை. மாற்றாவிட்டால் என்ன, நான் வீட்டில்தானே இருக்கிறேன், தினமும் இந்த முற்றத்தில்தானே பல் தேய்க்கிறேன் என்று நினைத்தேன். அப்பனிடம் விதியைக் கேட்டு வளர்ந்த பெண்ணுக்கு இருந்த புத்தி இது. வசித்தால் போதும் என்று நம்பினேன்.

"அப்பா ரிட்டையர் ஆகட்டும், வீடு எம்பேருக்கு வரட்டும்," என்று நான்தான் அவரிடம் சொல்லி வைத்திருந்தேன். அதற்குப் பிறகு என்ன என்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கல்யாணமாகாத மகளுக்குத்தான் வீடு என்பது அவருக்கும் தெரியும். "அப்ப சீமாட்டி மூணு வருசம் கன்னித்தீவுல இருக்கணுமாக்கும்," என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அப்பா ரிட்டையர் ஆக ஒரு மாதம் இருந்தபோது மனுப் படிவம் வந்தது. "நீதான அப்ளிகெண்ட், நீயே நிரப்பு," என்று கொடுத்தார். வசித்ததற்குச் சான்றாக ரேஷன் கார்டின் நகல் இணைக்கவேண்டும் என்று இருந்தது. கடந்த மூன்று வருஷமும் அதில் பேர் இருக்கவேண்டும். "கார்டு பைக்குள்ள கெடக்கும், எடுத்துக்கோ," என்றார் அப்பா. எடுத்தேன். என் பேரின் மேல் சிவப்புக் கோடு அப்படியே இருந்தது. அதற்குக் கீழே அழித்த தேதியும் முத்திரையும். அடுக்களை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்பாவிடம் கொண்டுபோய் நீட்டினேன். "மறந்துட்டேம்ப்பா. முனிர்காவுல கேஸுக்காக மாத்துனது. திரும்ப மாத்தல."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கார்டை நிதானமாகப் பார்த்தார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அங்கன அடுப்பு எரியுதா?" என்று கேட்டார்.

எதற்குக் கேட்கிறார் என்று புரியவில்லை. "எரியுதுப்பா," என்றேன்.

"சரி," என்று கார்டை மடித்துக் கொடுத்தார்.

அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் எழுதி வாங்கலாம், பாபிஜி சாட்சி சொல்வாள், மேலே மனு கொடுக்கலாம் என்று குதித்தேன். அப்பா தலையை ஆட்டினார். "காயிதத்துல நீ இங்கன இல்ல, மக்களே. காயிதம் இல்லாம வந்தவனுக்கு நானே எத்தன தடவ இல்லைன்னு எழுதியிருக்கேன்." மனுவை அனுப்பினோம். எதிர்பார்த்தபடியே, கிடையாது என்று பதில் வந்தது. ஒரு சிவப்புக் கோட்டுக்காக வீட்டை விட்டுக்கொடுக்கிற மனுஷன் உண்டா என்று அப்பாமேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தப்புச் செய்தவள் நான். ஆனால் சண்டை போடாததற்கு அவரைத்தான் வருஷக்கணக்காக மன்னிக்கவில்லை.

ரிட்டையர் ஆனபிறகும் சில மாதம் வீட்டில் இருக்க அவகாசம் உண்டு. அந்த மாதங்களில் யார் மணியடித்தாலும் அப்பாதான் எழுந்து போவார். பால்காரனாக இருந்தாலும், இஸ்திரிக்காரனாக இருந்தாலும். நான் எழுந்தால்கூட கையைக் காட்டி உட்காரச் சொல்வார். மனசு மாறி ஆபீஸிலிருந்து உத்தரவு வரும் என்று எதிர்பார்க்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அதே குளிர்காலத்தில் முனிர்காவில் மதுரைக்காரர் எனக்கு ஒரு கடிதத்தைக் காட்டினார். ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் அவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்திருந்தது. எந்த ஊர் என்று பார்த்தேன். என் டியூக்குகளின் வடக்குச் சீமையில் ஒரு ஊர். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அடுப்பில் ரசம் பொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் பேசினார்.

"நீங்களும் வாங்கன்னு கேக்கத்தான் நெனச்சேன். ஆனா உங்களுக்கு வீடு இருக்கு. அப்பா அம்மா அத நம்பித்தான் இருக்காக. நான் கேட்டு, உங்கள ரெண்டு பக்கமும் இழுக்கிறது நல்லா இல்ல."

வீடு போய்விட்டது என்று நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. எப்படிச் சொல்வேன். எதனால் போயிற்று என்று கேட்பார். உங்கள் அடுப்புக்காக என்று சொல்லவேண்டும். சொல்லிக் காட்டினது போல் ஆகும். பாவம் பார்த்துக் கூப்பிட்டார் என்று ஆகும். எனக்கு ரோஷம் அதிகம். என் வாயில் இருந்தது ஒரே வரி. அதைச் சொல்லியிருந்தால் என் ஆயுசு வேறு மாதிரி போயிருக்கும்.

"கரெக்ட்தான்," என்றேன். "கண்டிப்பா போயிட்டு வாங்க."

அந்தப் பர்கண்டிப் பெண் ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். எனக்கு எதிரில் இரண்டடி தூரத்தில் நின்றவரிடம் வாய் திறக்க முடியவில்லை. இரண்டு வருஷம் அவளைப் பற்றி எழுதி என்ன பிரயோஜனம். அவர் ஒரு மார்ச் மாதம் போனார். கேஸ் புத்தகத்தை வீட்டுக்கார ஜாட் பெரியவரிடம் பத்திரமாகக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

ஏப்ரலில் சாவியைக் கொடுத்தோம். என் சம்பளத்துக்கும் அப்பா பென்ஷனுக்கும் ஏற்ற வாடகையில் வீடு தேடினால் முனிர்காதான் வந்தது. அந்த ஜாட் பெரியவர், "மகளே, உன் மாடி காலியாகத்தானே இருக்கிறது," என்றார். இரண்டு அறையையும் எடுத்தோம். என் பேரில் இருந்த அதே சிலிண்டரில் அம்மா பால் காய்ச்சினாள். "இப்பதான் காயிதம் சொன்னது நெசமாச்சு," என்றார் அப்பா. அவர் சிரித்தாரா என்று நான் பார்க்கவில்லை. மதுரைக்காரர் இருந்த அறையை எனக்குக் கொடுத்தார்கள். சுவரில் அவர் சட்டை மாட்டும் ஆணி இருந்தது. நான் அதில் எதையும் மாட்டவில்லை.

வருஷத்துக்கு ஒன்றாக இரண்டு தபால் அட்டை வந்தது. ஒன்றில் பல நிற ஓடுகள் வேய்ந்த பெரிய கூரை. பின்னால், ‘உங்க சீமைக்கு வந்தேன் சீமாட்டி. நீங்க சொன்னதைவிட அழகாக இருக்கு’ என்று எழுதியிருந்தார். கோல் மார்க்கெட் முகவரிக்கு எழுதியது, பாபிஜி வாங்கி வைத்திருந்து கொடுத்தாள். பதில் எழுதினால் புது முகவரி தெரிந்துவிடும். எழுதவில்லை. பிறகு அவருக்கு அங்கேயே கல்யாணம் ஆயிற்று என்று யாரோ சொன்னார்கள். நல்லா இருக்கட்டும் என்றேன். மனசாரத்தான் சொன்னேன், ஆனால் அன்று சாப்பிட முடியவில்லை.

அந்தப் பர்கண்டி டச்சஸ் கல்யாணமாகிச் சில வருஷத்தில் குதிரையிலிருந்து விழுந்து செத்துப்போனாள். அவள் பேரன் பிற்காலத்தில் பாதி ஐரோப்பாவை ஆண்டவன். ஆனால் பர்கண்டி மட்டும் கையில் இல்லை. அவன் அங்கே பிறந்தவனும் அல்ல. இருந்தும், அந்தச் சீமை திரும்பக் கிடைத்தால் தன் முன்னோர் பக்கத்தில் தன்னை அடக்கம் செய்யவேண்டும் என்று இளவயதில் உயில் எழுதி வைத்தான். அது நடக்கவில்லை. எம்.ஃபில்லில் இதை ஒரு அடிக்குறிப்பாக எழுதித் தள்ளினேன். இப்போது எழுதினால் அதிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

என் வேலையும் மெல்ல மேலே போனது. சீனியாரிட்டியில் எனக்கே ஒரு குவார்ட்டர்ஸ் கிடைத்தது, வேறு பக்கம், வேறு மாதிரி வீடு. அங்கேதான் அப்பா இறந்துபோனார். அடுத்த வருஷம் எனக்கும் ரிட்டையர்மெண்ட். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூன்று வருஷம் கூட வசித்ததாகச் சொல்ல எனக்குப் பிள்ளை இல்லை. சாவி நேராக ராஜாவிடம் போகும்.

போன மாதம் அம்மா, கோல் மார்க்கெட் வீட்டை இடிக்கிறார்களாம், ஒருதடவை பார்க்கவேண்டும் என்றாள். எண்பத்தொரு வயது. ஆட்டோ வைத்துக் கூட்டிப்போனேன். எங்கள் வரிசை முழுவதும் தகரத் தடுப்பு. இடைவெளி வழியாகப் பார்த்தால் எங்கள் பிளாக் இருந்த இடத்தில் செம்மண் குவியல். வராந்தா வளைவு ஒன்று மட்டும் ஓரத்தில் நின்றது. அது எங்களுடையதா பாபிஜியுடையதா என்று தெரியவில்லை. மாதுளையும் இல்லை. அம்மா தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பழைய ஆத்திரம் பொங்கியது.

"அப்பா ஒரு வார்த்த சண்ட போட்ருந்தா இது நம்ம கையிலயே இருந்திருக்கும். இத்தன வருசம் நீ இங்கன இருந்திருக்கலாம்," என்றேன்.

"சண்ட எதுக்குப் போடுவாவ. அவியளுக்குத்தான் முன்னாடியே தெரியும்லா."

"என்ன தெரியும்?"

"கார்டுல ஒம் பேரு இல்லைன்னு." அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மாசாமாசம் ரேஷனுக்குப் போனது யாருன்னு நெனச்ச. அவியதான் போவாவ. மூணு பேரு சக்கர வந்த வீட்டுக்கு ரெண்டு பேரு சக்கர வந்தா தெரியாதா. நீ வேலையில சேந்து திரும்பி வந்தப்பவே நாஞ் சொன்னேன், பிள்ள பேர எழுதிப் போட்ருங்க, அப்பறம் வீடு கெடைக்காதுன்னு."

"அப்பா என்ன சொன்னாவ?"

"‘எழுதிப் போட்டா அங்கன அடுப்பு அணைஞ்சிரும். அந்தப் பையன் வச்ச ரசத்த நாங் குடிச்சேன். மரியாத தெரிஞ்ச பிள்ள. வந்து கேப்பான். வீடு கெடக்கு, வீட்டயா கட்டிக்கிட்டு அழப்போறோம்’னாவ. கடைசி அஞ்சாறு மாசம் மணியடிச்சா அவியதான எந்திரிச்சிப் போனாவ. நீ பாத்தல்லா."

பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். சர்க்கார் உத்தரவுக்காக என்று நினைத்தேன். விதி தெரிந்த மனுஷர், மூன்று வருஷமும் மாதம் ஒருமுறை அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்துவிட்டு, இரண்டு பேர் சர்க்கரையை வாங்கிக்கொண்டு, வாய் திறக்காமல் வீட்டுக்கு வந்திருக்கிறார். அவரோடு பேசாமல் இருந்த நாட்களெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. ரோட்டில் நின்றே அழுதேன். ஆட்டோக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மா என் கையைப் பிடித்தாள். பல வருஷமாகக் கேட்க நினைத்து வைத்திருந்தது போல மெதுவாகக் கேட்டாள்.

"ஏட்டி, அவன் ஏன் வந்து கேக்கல?"

"நமக்கு வீடு இருக்குன்னு நெனச்சிட்டாரும்மா," என்றேன்.